ஏர்லைன் இன்டர்வியூவுக்கு லாக்புக் ரெடி பண்றது எப்படி: முதல் என்ட்ரியில இருந்து மேஜை மேல வைக்கற வரைக்கும்

போன வருஷம் ஒரு தம்பி வீட்டுக்கு வந்தான். 205 மணி நேரம் பறந்து முடிச்சாச்சு, சிபிஎல் (கமர்ஷியல் பைலட் லைசன்ஸ்), மல்டி இன்ஜின், ஐஆர் (கருவிகளைப் பாத்தே பறக்கறதுக்கான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்) எல்லாம் கையில இருக்கு, ரெண்டு வாரத்துல இன்டர்வியூ. "அண்ணா, டெக்னிக்கல் கேள்வி மட்டும் ஒரு தடவை கேட்டுப் பாருங்க"ன்னான். முதல்ல லாக்புக்கை, அதாவது பறந்த ஒவ்வொரு ஃப்ளைட்டையும் எழுதி வெக்கற புக்கை, குடுடான்னு வாங்கிப் பாத்தேன். கடைசிப் பக்கத்துல கிராஸ் கன்ட்ரி பிஐசி (ஊர் விட்டு ஊர், பைலட்-இன்-கமாண்டா தானே பொறுப்பேத்துப் பறந்த நேரம்) 72:15ன்னு இருக்கு, லைசன்ஸுக்காக பறந்த நேரக் கணக்கு குடுக்கற சிஏ-39 ஃபார்ம்ல 54:15ன்னு இருக்கு. முழுசா 18 மணி நேரம் வித்தியாசம். அவன் முகமே வெளுத்துடுச்சு, ஏன்னா அவன் ஒரு நிமிஷம் கூட பொய்யா எழுதினவன் இல்ல. பின்னாடி இருந்து ஒவ்வொரு பக்கமா புரட்டிக்கிட்டே வந்தோம், நடுவுல ஒரு பக்கம் அடியில 46:15ன்னு இருக்கு, அடுத்த பக்கம் மேல 64:15ன்னு இருக்கு. நாலும் ஆறும் இடம் மாறிடுச்சு, அதுக்கப்புறம் பதினோரு பக்கம் அந்தத் தப்பு மேலயே கூட்டிக்கிட்டுப் போயிருக்கான், எல்லாத்துக்கும் அடியில கையெழுத்தும் முத்திரையும் வாங்கியிருக்கான்.

இதை இன்டர்வியூ ரூம்ல எதிர்ல உக்காந்திருக்கற கேப்டன் கண்டுபிடிச்சிருந்தா என்ன நினைப்பாரு? கைத்தவறுன்னு அவருக்கு எப்படித் தெரியும்? இந்த ஒரு சம்பவத்துக்காகத்தான் இதை எழுதறேன். சிமுலேட்டர் செக்குக்கு மாசக்கணக்கா தயார் பண்றோம், ஆக்ஸ்ஃபோர்ட் புக்ஸை கரைச்சுக் குடிக்கறோம், லாக்புக்கை மட்டும் முந்தின நாள் ராத்திரி தூசி தட்டி எடுக்கறோம். நான் சொல்றதெல்லாம் இந்தியால டிஜிசிஏ (சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) முறைப்படி சிபிஎல் வாங்கி இங்க உள்ள ஏர்லைன்ஸுக்குப் போறவங்களுக்கு, வெளிநாட்டுல பறந்துட்டு வந்து லைசன்ஸை இந்திய லைசன்ஸா கன்வெர்ஷன் பண்ணவங்களுக்கு நடுவுல தனியா சொல்றேன்.

உங்க லாக்புக்குக்கு சாட்சி யாரு

விமான விதிகள் 1937ல 67ஏன்னு ஒரு விதி இருக்கு, லாக்புக் பத்தினது. மையில எழுதணும், டூயல் (இன்ஸ்ட்ரக்டரோட) பறந்தா டூயல்னு போட்டு என்ன பயிற்சின்னு இன்ஸ்ட்ரக்டர் எழுதி கையெழுத்துப் போடணும், கடைசி என்ட்ரியில இருந்து அஞ்சு வருஷத்துக்குக் குறையாம பத்திரமா வெச்சிருக்கணும். ஒரு தடவையாவது அதைப் படிச்சுட்டுப் போங்க, ஒரே பக்கம்தான்.

ஆனா விதியை விட முக்கியமா ஒண்ணு புரிஞ்சுக்கணும். நீங்க எழுதற ஒவ்வொரு வரிக்கும் வெளில அஞ்சு இடத்துல சாட்சி இருக்கு. ஸ்கூல்ல ஒவ்வொரு ஃப்ளைட்டுக்கும் அனுமதி எழுதற ஆத்தரைசேஷன் புக், பறந்த நேரமும் கோளாறும் எழுதற ஏர்கிராஃப்ட்டோட டெக் லாக், பறக்கறதுக்கு முன்னாடி ஊதின ப்ரெத் அனலைசர் ரெஜிஸ்டர், எரிபொருள் போட்ட கணக்கு, டவர்ல எழுதி வெச்ச நேரம். உங்க வரி இந்த அஞ்சோடயும் ஒத்துப்போகணும். 2011ல ராஜஸ்தான்ல ஒரு ஃப்ளையிங் ஸ்கூல்ல பறக்காத மணி நேரத்தை பறந்ததா எழுதிக் குடுத்த விவகாரம் வெடிச்சது, அங்க ஊழல் தடுப்புப் பிரிவு ஆளுங்களை கைது பண்ணுச்சு, அதே வருஷம் போலி மார்க்ஷீட் குடுத்து ஏடிபிஎல் (கேப்டன் ஆகத் தேவையான ஏர்லைன் பைலட் லைசன்ஸ்) வாங்கினவங்களும் மாட்டினாங்க, டிஜிசிஏ லைசன்ஸ்களை மறுபடி எடுத்து சரிபார்க்க ஆரம்பிச்சது. அந்தக் காலத்துல ஏர்லைன்ல இருந்தவங்கதான் இன்னைக்கு இன்டர்வியூ பேனல்ல உக்காந்திருக்காங்க. அவங்க சந்தேகப்படறது உங்க மேல இருக்கற கோவத்துல இல்ல, பாத்துப் பழகினது அப்படி.

அனுபவம் உள்ள கண்ணுக்கு ஒரு வரியே போதும். செஸ்னா 152ல ஸ்டாண்டர்ட் டேங்க்ல உபயோகிக்கக்கூடிய எரிபொருள் 24.5 அமெரிக்க காலன். மணிக்கு ஆறு காலன்னு வெச்சாலும் நாலு மணி அஞ்சு நிமிஷத்துல டேங்க் காலி. அந்த ஏர்கிராஃப்ட்ல நடுவுல எங்கயும் இறங்காம 4:45ன்னு ஒரு வரி இருந்தா, அந்தப் பக்கத்துல மத்த வரியை யாரும் நம்பி படிக்க மாட்டாங்க.

எழுதறது, அன்னைக்கே

பறந்துட்டு இறங்கினதும் டெக் லாக்ல நேரம் எழுதுவீங்க இல்ல, அப்பவே ஒரு சின்ன பாக்கெட் நோட்டுல அதே நேரத்தைக் குறிச்சுக்கங்க, ராத்திரி ஹாஸ்டலுக்குப் போனதும் லாக்புக்ல ஏத்துங்க. வாரத்துக்கு ஒரு தடவை மொத்தமா எழுதறேன்னு விட்டா வாரம் மாசமாகும், அப்புறம் பக்கத்து ரூம் பையன் லாக்புக்கைப் பாத்து எழுதுவீங்க, அவன் பண்ண தப்பும் உங்களுக்கு வந்து சேரும். ஒரே நாள் ஒரே நேரம் ஒரே விடி நம்பர்ல (ஏர்கிராஃப்ட்டோட பதிவு எண்) ரெண்டு பேர் தனித்தனியா சோலோ பறந்ததா இருக்கற லாக்புக் ஜோடியை நானே பாத்திருக்கேன், ரெண்டு பேருமே நேர்மையான பசங்க, காப்பி அடிக்கறப்ப வரி மாறிடுச்சு.

பேனா சாதாரண பால்பாயின்ட், ஒரே கலர். ஜெல் பேனா வேண்டவே வேண்டாம், நம்ம ஊர் வேர்வைக்கும் மழைக்கும் பக்கம் பூரா கரைஞ்சு நிக்கும். புக்குக்கு கெட்டி பிளாஸ்டிக் கவர் போடுங்க.

நேரம்தான் அடுத்த சிக்கல். ஃப்ளைட் டைம்னா பறக்கறதுக்காக ஏர்கிராஃப்ட் முதல்ல நகர்ந்த நிமிஷத்துல இருந்து ஃப்ளைட் முடிஞ்சு கடைசியா நிக்கற நிமிஷம் வரைக்கும், சக்கரத்துக்குக் கட்டை எடுத்து மறுபடி கட்டை போடற வரைக்கும்னு பேச்சு வழக்குல சொல்லுவோம். காத்துல இருந்த நேரம் மட்டும் இல்ல. சில ஸ்கூல்ல ஓடின நேரத்தைக் காட்டற ஹாப்ஸ் மீட்டர் பாத்து டெசிமல்ல எழுதறாங்க, 0.1னா 6 நிமிஷம், அப்போ 1.3னா 1:18. அதை 1:30ன்னு எழுதினா ஒரே ஃப்ளைட்டுல 12 நிமிஷம் சும்மா ஏறிடுது, நூறு ஃப்ளைட்டுக்கு கணக்குப் போட்டுக்கங்க. அதே மாதிரி யுடிசியா (உலகப் பொது நேரம்) ஐஎஸ்டியா (இந்திய நேரம்), ஏதாவது ஒண்ணை முடிவு பண்ணி முதல் பக்கத்துல இருந்து கடைசி வரைக்கும் அதுலயே எழுதுங்க. அஞ்சரை மணி நேரம் தள்ளிப்போட்டா பகல் ஃப்ளைட் நைட் ஃப்ளைட் மாதிரி தெரியும்.

ரிமார்க்ஸ் காலத்தை, அதாவது குறிப்பு எழுதற கட்டத்தை (column), காலியா விடாதீங்க. எல்லா வரிலயும் "சர்க்யூட்ஸ்" (ரன்வேயைச் சுத்தி வந்து இறங்கற பயிற்சி), "ஜிஎஃப்" (ஜெனரல் ஃப்ளையிங்)னு மட்டும் எழுதினா ஆறு மாசம் கழிச்சு உங்களுக்கே ஒண்ணும் ஞாபகம் வராது. "சர்க்யூட்ஸ் 8, கிராஸ்விண்ட், ஒரு கோ-அரவுண்ட்", இவ்வளவு போதும். இன்டர்வியூல உங்களைக் காப்பாத்தப் போறது இந்த நாலு வார்த்தைதான், எப்படின்னு பின்னாடி வரேன்.

பி1, டூயல், பி2: எது எந்தக் காலம்

இன்ஸ்ட்ரக்டர் பக்கத்துல உக்காந்து பயிற்சி குடுத்தா டூயல். நீங்களே பொறுப்பா, இன்ஸ்ட்ரக்டர் இல்லாம பறந்தா பி1, பிஐசின்னு சொல்றதும் இதையேதான். டூயல் ஃப்ளைட்டுல முழுக்க நீங்கதான் ஓட்டினீங்க, அவர் கையைக் கட்டிக்கிட்டு இருந்தாருன்னாலும் அது டூயல்தான். செக் ஃப்ளைட் எந்தக் காலத்துல போகும்கறதை ஸ்கூல்ல சிஎஃப்ஐ (தலைமை இன்ஸ்ட்ரக்டர்) கிட்ட கேட்டு முதல் தடவையே சரியா எழுதுங்க, ஒரு செக்கை ஒரு மாதிரியும் அடுத்த செக்கை வேற மாதிரியும் எழுதாதீங்க.

சிமுலேட்டர் நேரம் மொத்த ஃப்ளைட் டைம்ல சேரவே சேராது, அதுக்குன்னு தனி காலம். இன்ஸ்ட்ருமென்ட் நேரத்துல ஹுட் போட்டு (வெளிய தெரியாம கண்ணை மறைச்சு) பறந்ததையும் நிஜமாவே மேகத்துக்குள்ள பறந்ததையும் பிரிச்சு எழுதுங்க. 200 மணி நேர லாக்புக்ல ஆக்சுவல் 30 மணின்னு இருந்தா கேப்டன் கண்டிப்பா நிமிர்ந்து பாப்பாரு.

ஏற்கெனவே ஒரு ஏர்லைன்ல ஃபர்ஸ்ட் ஆபீசரா இருந்துட்டு அடுத்ததுக்கு மாறறவங்களுக்கு: அங்க நீங்க பறந்தது பி2, அதாவது கோ-பைலட் நேரம். பி1 அண்டர் சூப்பர்விஷன் (கேப்டன் மேற்பார்வையில பொறுப்பேத்துப் பறந்தது) எழுதினா அந்த கேப்டனோட கையெழுத்து இருக்கணும். கையெழுத்து இல்லாத சூப்பர்விஷன் மணியை நம்பி மொத்தம் சொல்லாதீங்க.

தப்பா எழுதிட்டா

எழுதறவன் கை தவறத்தான் செய்யும், அதுல வெக்கம் ஒண்ணும் இல்ல. அசிங்கமாகறது மறைக்கறப்பதான். ஒயிட்னர் தொடாதீங்க, மேலயே அழுத்தி எழுதி 3ஐ 8 ஆக்காதீங்க, பக்கத்தைக் கிழிக்காதீங்க. பழைய எண் படிக்கத் தெரியற மாதிரி ஒரே ஒரு கோடு, மேல சரியான எண், பக்கத்துல சுருக்கொப்பம், தேதி. மொத்தத்தையே பாதிக்கற தப்புன்னா சிஎஃப்ஐ சுருக்கொப்பமும் வாங்குங்க.

அந்தத் தம்பி விஷயத்துல என்ன பண்ணோம்னா, பதினோரு பக்கத்துலயும் திருத்தல, அப்படித் திருத்தினா புக் போர்க்களம் மாதிரி ஆயிடும். தப்பு ஆரம்பிச்ச பக்கத்துல மட்டும் ஒரு கோடு போட்டு 46:15ன்னு எழுதினான், கடைசியா எழுதின வரிக்குக் கீழ ஒரு முழு வரி எடுத்து, இன்ன பக்கத்துல கொண்டுவந்த மொத்தம் தவறு, சரியான கிராஸ் கன்ட்ரி மொத்தம் 54:15ன்னு எழுதி, ஸ்கூலுக்கே பஸ் ஏறிப் போய் சிஎஃப்ஐ கையெழுத்தும் முத்திரையும் வாங்கிட்டு வந்தான். கூடவே லெட்டர்ஹெட்ல ஒரு பாரா கடிதம். ஸ்கூல் முதல்ல இழுத்தடிச்சது, "அதெல்லாம் யாரும் பாக்க மாட்டாங்க"ன்னு சொல்லியிருக்காங்க. அவன் ஒரு நாள் பூரா வாசல்லயே உக்காந்திருந்து வாங்கினான்.

கூட்டல்

இது சலிப்பான வேலை, ஆனா எல்லாமே இதுலதான் இருக்கு. ஒவ்வொரு பக்கமும் முடியறப்ப ரெண்டு விதமா கூட்டுங்க. மேல இருந்து கீழ ஒவ்வொரு காலமும் கூட்டி எடுத்தது ஒண்ணு. அப்புறம் அந்த அடி வரில சிங்கிள் இன்ஜின் பகல் டூயல், பகல் பி1, நைட் டூயல், நைட் பி1, மல்டி இன்ஜின்ல அதே மாதிரி, எல்லாத்தையும் குறுக்கால கூட்டுங்க, அது கிராண்ட் டோட்டலோட ஒத்துப்போகணும். ஒரு நிமிஷம் வித்தியாசம் வந்தாலும் அடுத்த பக்கம் போகாதீங்க.

சாதாரண கால்குலேட்டர்ல 1:50, 1:40, 1:20ஐ 1.50, 1.40, 1.20ன்னு போட்டா 4.10 வரும், நிஜத்துல அது 4:50. இந்தத் தப்புக்கு ஒரு அடையாளம் இருக்கு, வித்தியாசம் 40 நிமிஷம், இல்லன்னா 80, 120ன்னு நாப்பதோட மடங்கா இருக்கும். அந்த மாதிரி வந்தா மணியையும் நிமிஷத்தையும் தனித்தனியா கூட்டி, நிமிஷத்தை அறுபதால வகுத்து சேருங்க. ஸ்ப்ரெட்ஷீட்ல போடறவங்க செல்லோட ஃபார்மேட்டை கவனிங்க, சாதாரண நேர ஃபார்மேட்ல 24 மணி தாண்டினதும் மறுபடி பூஜ்யத்துல இருந்து காட்டும், மணியை சதுர அடைப்புக்குள்ள வெச்ச ஃபார்மேட்தான் 200:15ன்னு காட்டும்.

இன்னொண்ணு, வித்தியாசம் முழு மணி நேரமா, ஒன்பதால வகுபடற மாதிரி இருந்தா, 9, 18, 27ன்னு, பெரும்பாலும் ரெண்டு இலக்கம் இடம் மாறியிருக்கும். பழைய கணக்கப்பிள்ளைங்க வித்தை இது. 64ல 46 போனா 18, அந்தத் தம்பி புக்ல இதை வெச்சுத்தான் என்ன தேடணும்னே தெரிஞ்சுது. ஏன் அவனோட குறுக்குக் கூட்டல்ல இந்தத் தப்பு மாட்டலன்னா, கிராஸ் கன்ட்ரியும் இன்ஸ்ட்ருமென்ட்டும் மொத்தத்துக்குள்ள அடங்கின கணக்கு, குறுக்கால கூட்டறப்ப அது சேராது. அதனால இந்த ரெண்டு காலத்தையும் பக்கம் திருப்பறப்ப விரலை வெச்சு, வாய்விட்டு படிச்சு எழுதுங்க.

டிஜிசிஏ கேக்கறதும் உங்க புக் சொல்றதும்

சிபிஎல்லுக்கு மொத்தம் 200 மணி நேரம், அதுல 100 பிஐசி. பிஐசி கிராஸ் கன்ட்ரி 20 மணி, அதுக்குள்ள ஒரு ஃப்ளைட் 300 கடல் மைலுக்குக் குறையாம, ரெண்டு வேற வேற ஏரோட்ரோம்ல முழுசா இறங்கி நின்னு. இன்ஸ்ட்ருமென்ட் 10 மணி, அதுல சிமுலேட்டர் 5க்கு மேல எடுத்துக்க மாட்டாங்க. நைட் 5 மணி, பிஐசியா 10 டேக்-ஆஃப் 10 லேண்டிங்கோட. ஐஆருக்கு பிஐசி கிராஸ் கன்ட்ரி 50, இன்ஸ்ட்ருமென்ட் 40. லைசன்ஸ் வாங்கியாச்சே இனி இதெல்லாம் எதுக்குன்னு கேக்காதீங்க, பேனல் இந்த எண்களை மனசுல வெச்சுக்கிட்டுத்தான் உங்க புக்கைத் திறக்கும்.

300 கடல் மைல் வரியை மறுபடி மேப்ல வெச்சு அளந்து பாருங்க. சேலம், புதுச்சேரி, திருச்சி, மறுபடி சேலம்னு முக்கோணம் போட்டா பெருசா தெரியும், ஆனா கிட்டத்தட்ட 103, 97, 72, மொத்தம் 272தான் வருது, பத்தாது. திருச்சிக்குப் பதிலா மதுரையை வெச்சா 380 தாண்டிடும். உங்க ரூட்டுக்கு லெக் லெக்கா தூரம் என்னன்னு கேட்டா தயங்காம சொல்லத் தெரியணும், அது நீங்க உக்காந்து பென்சில்ல கோடு போட்டு பறந்த ஃப்ளைட் இல்லையா.

இப்போ டிஜிசிஏவோட இஜிசிஏ இணையதளத்துலயும் இ-லாக்புக் இருக்கு, அதுல ஏறினதும் கையில இருக்கற புக்கும் சிஏ-39ம் மூணும் ஒரே எண் சொல்லணும். மூணுக்கும் நடுவுல வித்தியாசம் இருந்தா அதை நீங்க முதல்ல கண்டுபிடிக்கணும், அவங்க இல்ல.

வெளிநாட்டுல பறந்தவங்களுக்கு

அமெரிக்கால பறந்தவங்க ரொம்ப கவனமா இதைப் படிங்க. அங்க உள்ள பைலட் விதி 61.51ன்படி, அந்த ஏர்கிராஃப்ட்டுக்கு ரேட்டிங் இருக்கற பைலட் தானே ஓட்டினா, பக்கத்துல இன்ஸ்ட்ரக்டர் இருந்து பாடம் எடுத்தாலும் அந்த நேரத்தை பிஐசின்னும் போடலாம், டூயல்னும் போடலாம். அங்க அது சட்டப்படி சரி. இங்க அது டூயல் மட்டும்தான். அதனால அங்க பிஐசி காலத்துல 150ன்னு காட்டற லாக்புக், டிஜிசிஏ முறைப்படி பிரிச்சா 100க்கு கீழ போறதும் நடக்குது. சேஃப்டி பைலட்டா (இன்னொருத்தர் ஹுட் போட்டு ஓட்டறப்ப வெளிய பாத்துக்கறவரா) உக்காந்த நேரமும் அதே கதைதான், தனியா பிரிச்சு வெச்சுக்கங்க. கிராஸ் கன்ட்ரிக்கும் அங்க லைசன்ஸ் தேவைக்கு 50 கடல் மைலுக்கு மேல தள்ளி இறங்கணும்னு கணக்கு, நைட்டுக்கும் வேற விளக்கம்.

அங்க எழுதின புக்கை மாத்தாதீங்க, அது அந்த நாட்டு விதிப்படி எழுதின மூல ஆவணம். அதுக்குப் பதிலா தனியா ஒரு கன்வெர்ஷன் ஷீட் போடுங்க: இடது பக்கம் அங்க எழுதினது, வலது பக்கம் இங்க எப்படி எண்ணப்படுதுன்னு. இன்டர்வியூல மொத்தம் சொல்றப்ப எப்பவும் வலது பக்க எண்ணைச் சொல்லுங்க. டெசிமலை மணி நிமிஷமா மாத்தறப்ப வரிவரியா மாத்துங்க, மொத்தத்தை மட்டும் மாத்தினா நடுவுல யாராவது ஒரு வரியைக் காட்டிக் கேட்டா தடுமாறுவீங்க. அங்க பேப்பர் புக்கே இல்லாம லாக்டென், ஃபோர்ஃப்ளைட் மாதிரி ஆப்ல வெச்சிருந்தா, முழுசா பிரின்ட் எடுத்து ஒவ்வொரு பக்கமும் கையெழுத்துப் போட்டு பைண்ட் பண்ணுங்க. இன்ஸ்ட்ரக்டர் கையெழுத்து வேணும்னா அங்க இருந்து கிளம்பறதுக்கு முன்னாடியே வாங்கிடுங்க, ஊருக்கு வந்தப்புறம் மெயில் போட்டு கெஞ்சற பசங்க நிறைய பேர், அந்த இன்ஸ்ட்ரக்டர் அதுக்குள்ள வேற ஏர்லைனுக்குப் போயிருப்பாரு.

ரெண்டு வாரம் முன்னாடி: முழு ஆடிட்

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூரா ஒதுக்குங்க. முதல் வரியில இருந்து ஒரு ஸ்ப்ரெட்ஷீட்ல ஏத்துங்க, பழைய மொத்தத்தைப் பாக்காம. 200 மணி லாக்புக்குன்னா பெரும்பாலும் இருநூறு வரிக்குள்ளதான், நாலஞ்சு மணி நேர வேலை. வீட்டுல தங்கச்சியோ அம்மாவோ வாசிக்க நீங்க டைப் பண்ணா இன்னும் நல்லது, நம்ம எழுத்தை நாமளே படிச்சா மூளை தப்பை சரியாவே படிச்சுக்கும். ஏறினதும் தேதிப்படி வரிசையா இருக்கா, ஒரே நாள்ல ரெண்டு ஃப்ளைட் நேரம் மோதுதா, ஒரு லெக் இறங்கின ஊர்ல இருந்துதான் அடுத்த லெக் கிளம்புதா, விடி நம்பரும் டைப்பும் எல்லா வரிலயும் ஒத்துப்போகுதா, இதெல்லாம் ஃபில்டர் போட்டாலே தெரியும். மாசக் கடைசி கையெழுத்து எந்த மாசமாவது விட்டுப்போச்சான்னு பாருங்க. ரெண்டு வாரம் எதுக்குன்னா, தப்பு கிடைச்சா ஸ்கூலுக்குப் போய்ட்டு வர நேரம் வேணும்.

அப்புறம் ஒரே ஒரு பக்கத்துல சுருக்கம். மொத்தம், பிஐசி, டூயல், சிங்கிள், மல்டி, டைப் வாரியா, கிராஸ் கன்ட்ரி, நைட், இன்ஸ்ட்ருமென்ட் ஆக்சுவல், ஹுட், சிமுலேட்டர் தனியா, கடைசியா பறந்த தேதி, கடைசி ஆறு மாசம், கடைசி பன்னெண்டு மாசம், ஐஆர் செக் தேதி. இதுல கலர், லோகோ, போட்டோ ஒண்ணும் வேண்டாம். அப்ளிகேஷன்ல என்ன எண் போட்டீங்களோ அதே எண் இதுல இருக்கணும், நடுவுல பறந்திருந்தா "இன்ன தேதி வரைக்கும்"னு போட்டுக்கங்க.

புக்ல சின்ன ஒட்டுத்தாள் ஓரத்துல நீட்டற மாதிரி ஒட்டுங்க: முதல் சோலோ, முதல் சோலோ கிராஸ் கன்ட்ரி, 300 கடல் மைல், நைட், ஸ்கில் டெஸ்ட், மல்டி, ஐஆர் செக், கடைசிப் பக்கம். எட்டு போதும், அதுக்கு மேல ஒட்டினா மயில் தோகை மாதிரி ஆயிடும், தேடறது கஷ்டம். எல்லாப் பக்கமும் கலர் ஜெராக்ஸ் ஒரு செட், ஸ்கேன் பண்ணி உங்களுக்கே ஒரு மெயில். ஒரிஜினலை எக்காரணம் கொண்டும் கையை விட்டு அனுப்பாதீங்க, கூரியர்ல கேட்டா கையெழுத்திட்ட நகல் அனுப்பறேன், நேர்ல ஒரிஜினல் காட்டறேன்னு பணிவா சொல்லுங்க.

கதை சொல்லத் தெரியணும்

ஒட்டுத்தாள் ஒட்டின எட்டு ஃப்ளைட்டுக்கும், அது போக கண்ணை மூடிக்கிட்டு ஏதாவது இருபது வரியைத் தொட்டு அதுக்கும், உக்காந்து ஞாபகப்படுத்துங்க. அன்னைக்கு காத்து எப்படி, எந்த ரன்வே, என்ன தப்பு பண்ணீங்க, இன்ஸ்ட்ரக்டர் என்ன சொன்னாரு. என்னோட இன்டர்வியூல கேப்டன் ஒட்டுத்தாள் எதையும் தொடல. நடுவுல ஒரு பக்கத்தைத் திறந்து விரலை ஒரு வரி மேல வெச்சாரு. "இதுல டைவர்ஷன்னு போட்டிருக்கியே, என்ன ஆச்சு?" அது ஒரு சோலோ கிராஸ் கன்ட்ரி, போற வழியில மழை மேகம் கட்டிடுச்சு, நான் ப்ளான்ல வெச்சிருந்த ஆல்டர்நேட்டுக்கு (மாற்று ஏரோட்ரோம்) திரும்பி இறங்கி, சிஎஃப்ஐக்கு போன் பண்ணி, மூணு மணி நேரம் அங்க டீ குடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். அதை அப்படியே சொன்னேன். எப்போ முடிவெடுத்தே, எரிபொருள் எவ்வளவு மிச்சம், ஏன் இன்னும் பத்து மைல் போய்ப் பாக்கலன்னு அடுத்தடுத்து கேட்டாரு. அந்த வரி ரிமார்க்ஸ்ல ஒரே வார்த்தைதான் எழுதியிருந்தேன், ஆனா அந்த ஒரு வார்த்தையில இருந்து கால் மணி நேரம் பேசினோம்.

மாசக்கணக்குல பறக்காம இருந்தா கண்டிப்பா கேப்பாங்க. 2020 மார்ச் கடைசில இருந்து லாக்டவுன்ல எல்லாரும் தரையிலதான் இருந்தோம், அதை யாரும் குறையா எடுத்துக்க மாட்டாங்க. ஏர்கிராஃப்ட் ஸ்பேர் பார்ட் இல்லாம ஹேங்கர்ல நின்னுச்சு, மழைக்காலம், காசு இல்ல, அப்பாவுக்கு உடம்பு சரியில்ல, எதுவா இருந்தாலும் உள்ளதை ரெண்டு வாக்கியத்துல சொல்லுங்க. ஸ்கூலைத் திட்ட ஆரம்பிக்காதீங்க, நியாயமான கோவமா இருந்தாலும் அந்த ரூம் அதுக்கான இடம் இல்ல. செக்ல ஒரு தடவை ஃபெயில் ஆகியிருந்தா அதை மறைக்காதீங்க, ரெக்கார்டுல இருக்கு. எதுல ஃபெயில், அதுக்கப்புறம் எத்தனை ஃப்ளைட் அதுக்காகவே பறந்தேன்னு அந்த வரிகளைத் திறந்து காட்டுங்க.

அந்த நாள்

ஃபைல்ல வரிசை: மேல சுருக்கத் தாள், அப்புறம் லைசன்ஸ், ஐஆர், மெடிக்கல், ரேடியோ லைசன்ஸ், இங்கிலீஷ் லெவல், பாஸ்போர்ட், பத்தாவது பன்னெண்டாவது மார்க்ஷீட், அவங்க கேட்ட மத்தது. லாக்புக் தனியா கையில. கேட்டா மட்டும் குடுங்க, குடுக்கறப்ப அவங்க பக்கம் எழுத்து நேரா இருக்கற மாதிரி திருப்பி, ரெண்டு கையால. அவங்க புரட்டறப்ப பேசாதீங்க. அந்த அமைதி பயமாத்தான் இருக்கும், ஆனா நடுவுல பூந்து விளக்கம் சொல்ல ஆரம்பிச்சா அவங்க பாக்காததையும் நீங்களே காட்டற மாதிரி ஆயிடும். மொத்தம் எவ்வளவுன்னு கேட்டா "இருநூறு இருநூத்தி அஞ்சு இருக்கும் சார்" இல்ல, "205 மணி 20 நிமிஷம், அதுல பிஐசி இவ்வளவு" அப்படின்னு சொல்லணும். தெரியாத வரியைக் கேட்டா "அந்த ஃப்ளைட் எனக்கு சரியா ஞாபகம் இல்ல கேப்டன்"னு சொல்லுங்க, சும்மா ஜோடிச்சு சொல்லாதீங்க, அடுத்த கேள்வி அந்த ஏரோட்ரோமோட எலிவேஷனா இருக்கும்.

தொலைஞ்சு போச்சுன்னா? அதுக்கும் வழி இருக்கு, ஆனா மாசக்கணக்கு ஆகும். போலீஸ்ல தொலைஞ்சதுக்கு ரிப்போர்ட், நோட்டரி அஃபிடவிட், அப்புறம் ஸ்கூல் டெக் லாக், ஆத்தரைசேஷன் புக், இஜிசிஏ, உங்க ஸ்கேன் இதையெல்லாம் வெச்சு புதுப் புக்ல மறுபடி எழுதி சிஎஃப்ஐ சான்று. ஸ்கேன் இருந்தா வேலை பாதியாகும். ஸ்கூலே மூடிட்டா என்ன பண்றதுன்னு நிறைய பேர் கேட்டிருக்காங்க, அதனாலதான் சொல்றேன், மாசாமாசம் கையெழுத்து வாங்கின அன்னைக்கே அந்தப் பக்கத்தை போன்ல போட்டோ எடுத்துடுங்க.

அந்தத் தம்பிக்கு இன்டர்வியூல என்ன ஆச்சுன்னா, பேனல்ல இருந்த மேடம் கடைசிப் பக்கத்தைத் திறந்ததும் நேரா அந்தத் திருத்த வரிலதான் கண்ணு வெச்சாங்க. "இது என்ன?" இவன் 46, 64 கதையைச் சொல்லி, அந்தப் பக்கத்தையும் எடுத்துக் காட்டி, கடிதத்தையும் நீட்டினான். "நீயே கண்டுபிடிச்சியா?"ன்னு கேட்டிருக்காங்க. "இல்ல மேடம், ஒரு சீனியர் சொல்லித்தான் தெரிஞ்சுது, அப்புறம் முழுசா நானே மறுபடி கூட்டினேன்"னு சொல்லியிருக்கான். அவங்க தலையாட்டிட்டு பக்கத்தைத் திருப்பி, நைட் கிராஸ் கன்ட்ரி ஒண்ணைக் காட்டி வெதர் கேட்டாங்களாம். இப்போ அவன் டைப் ரேட்டிங்ல (குறிப்பிட்ட ஒரு ஏர்லைன் விமானத்தை ஓட்டறதுக்கான பயிற்சி) இருக்கான், சிமுலேட்டர் மணியைத் தனிக் காலத்துல எழுதிக்கிட்டு இருக்கான்.